உள்ளே தைத்த நிறம்

“எங்கியோ ஒண்ணு இடிக்குதுங்க டீச்சர். எதுன்னுதான் புடிபட மாட்டேங்குது” என்றார் சென்னியப்பன்.

நிலோபர் டீச்சர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எங்க இடிக்குது?”

“ஹால்லதானுங்க.”

டீச்சருக்குச் சென்னியப்பனின் வயதில் பாதிதான் இருக்கும். ஓவியக் கல்லூரியில் படித்தவள். கோயம்புத்தூரில் தன் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு எடுத்தாள். சுவருக்கு எந்த நிறம், திரைக்கு எந்த நிறம், எந்தச் சேலைக்கு எந்த ரவிக்கை என்று கற்றுக்கொள்ளப் பலர் வந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் சென்னியப்பன். பாடத்திலும் அவர்தான் முதல்.

முதலாக வராமல் எப்படி? மனுஷன் சாய நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலையிலேயே தலை நரைத்தவர். பெட்டி நிறைய நூல் உருளைகள் இருக்கும். அதில் ஒன்றே ஒன்று இம்மியளவு நிறம் மாறியிருந்தால் போதும், தூரத்தில் நின்றபடியே விரலை நீட்டுவார். அதை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மாலை மரியாதையோடு வீட்டுக்கு வந்தார். அந்தக் கண்ணும் கூடவே வந்துவிட்டது.

சுவருக்குச் சந்தன நிறம் அடித்தார். சோபா அதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. திரை கொஞ்சம் வெளிறல். காப்பி டம்ளர்கூட சுவரோடு சண்டை போடாத நிறமாகப் பார்த்து வாங்கினார். விருந்தாளி யாராவது சிவப்புப் பையோடு வந்தால் ஓடிப்போய்க் கையிலிருந்து வாங்கி உள்ளறையில் வைத்துவிடுவார். அடடா, என்ன மரியாதை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

“படம் வெச்சிருக்கேனுங்க. பாருங்க” என்று போனை நீட்டினார். “போன தீபாவளிக்கு எடுத்தது. என் சம்சாரம் வசந்தாமணியும் இருக்குது அதுல.”

டீச்சர் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இந்தப் பக்கம் நகர்த்தினாள். அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

“அழகா இருக்கு சார். ஒரு குறை சொல்ல முடியாது.”

“அதானுங்க!”

“உங்க வீட்டம்மாவைத்தான் காணோம்.”

“அதோ, ஜன்னலோரமா நிக்கறா பாருங்க.”

ஜன்னலோரத்தில் திரைதான் தெரிந்தது. டீச்சர் இன்னும் பெரிதாக்கினாள். அப்போதுதான் ஒரு முகம் கிடைத்தது. சேலை திரையின் நிறம். ரவிக்கை சுவரின் நிறம்.

“அந்தச் சேலை நான் எடுத்ததுங்க” என்றார் சென்னியப்பன். பெருமை தாங்கவில்லை அவருக்கு. “கடைக்குள்ள லைட் வெளிச்சத்தை நம்பவே கூடாதுங்க. வாசலுக்குக் கொண்டுவந்து வெயில்ல விரிச்சுப் பாத்துத்தான் எடுத்தேன். திரைத்துணில ஒரு துண்டு பாக்கெட்லயே வெச்சிருந்தேன், ஒப்பிட்டுப் பாக்க.”

“இப்ப வீட்ல இருக்காங்களா?”

பெருமை இறங்கிப்போயிற்று.

“இல்லீங்க. கோபில அவ தங்கச்சி ருக்மணி ஊடு இருக்குது. கோயில் நோம்பிக்குன்னு போனா. நோம்பி முடிஞ்சு எத்தனையோ நாளாச்சு. வரலீங்க.”

“என்ன சொல்றாங்க?”

“போன் பண்ணுனா, ‘இங்க நல்லா இருக்குதுங்க’ன்னு சொல்றா. அவ்வளவுதான். சண்டை இல்ல, சத்தம் இல்ல. கோவிச்சுட்டுப் போயிருந்தா நேராப் போய்க் கையைக் காலைப் புடிச்சாவது கூட்டிட்டு வந்துருவேன். நல்லா இருக்குதுன்னு சொல்றவளை என்ன சொல்லிங்க கூப்பிடறது?”

“போறப்ப ஒண்ணுமே சொல்லலியா?”

“பஸ் ஏறறப்ப சொன்னா. ‘அந்த ஹால்ல கண்ணை எங்க வெக்கறதுன்னே தெரியலீங்க’ன்னா. அதனாலதான் கேக்கறேன். அங்க ஏதோ ஒண்ணு தப்பா இருக்குது. அதைச் சரி பண்ணிட்டேன்னா வந்துருவா. சுவரை மாத்தட்டுங்களா, திரையை மாத்தட்டுங்களா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். ஆள் இளைத்திருந்தார். முகத்தில் சரியாகச் சவரம் செய்யவில்லை. சட்டை மட்டும் பேண்ட்டுக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது.

டீச்சர் கேட்டாள், “அவங்களுக்கு என்ன கலர் புடிக்கும்?”

“சந்தனக் கலர்.” யோசிக்கவே இல்லை.

“அவங்களே சொன்னாங்களா?”

“அதைச் சொல்ல வேற வேணுமாக்கும்? அவ பீரோவைத் தொறந்தாத் தெரியுமுங்களே. சந்தனம், சாம்பல், கிரீம், பிஸ்கட் கலர். அத்தனையும் அதேதான்.”

“பீரோவுல இருக்கறதெல்லாம் யாரு எடுத்தது?”

சென்னியப்பன் போனை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கீழே தெருவில் தக்காளி வண்டி கூவிக்கொண்டு போயிற்று.

“அடுத்த வாரம் வர்றப்ப அவங்க உடுத்தறதுல ரெண்டு மூணு கொண்டுவாங்க” என்றாள் டீச்சர்.



கொண்டுவந்தார். மில்லில் சாம்பிள் கட்டுகிற அதே பழக்கம் போகுமா? தேய்த்த மடிப்புக் கலையாமல், சேலை கீழே ரவிக்கை மேலே என்று விளிம்பு பிசகாமல் அடுக்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“தொட்டுப் பாருங்க டீச்சர். ஒண்ணுக்கொண்ணு கூடப்பொறந்த மாதிரி இருக்கும்.”

டீச்சர் சேலைகளைத் தொடவில்லை. மேலே இருந்த ரவிக்கையை எடுத்தாள். கெட்டியான பட்டுத் துணி, சந்தன நிறம். கையை உள்ளே விட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பினாள்.

ராணிப் பிங்க்!

ரவிக்கைக்கு உள்ளே கொடுத்துத் தைப்பார்களே, அந்த லைனிங் துணி. உடுத்தியிருப்பவளைத் தவிர யார் கண்ணுக்கும் படாத துணி. அதைத் திருப்பியதும் அந்த அறையே சிவந்த மாதிரி இருந்தது.

சென்னியப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“அட, டெய்லர் மாத்தித் தச்சுட்டான் பாருங்க!”

டீச்சர் அடுத்த ரவிக்கையைத் திருப்பினாள். கிளிப்பச்சை.

அதற்கடுத்ததைத் திருப்பினாள். கனகாம்பர நிறம்.

“எல்லாத்துலயுமா மாத்திருவாரு?”

“அவனை நான் சும்மா விட மாட்டேனுங்க. இத்தனை வருஷம் தச்சுக் குடுக்கறான், இப்படி ஏமாத்திப் போட்டானே!”

“டெய்லரை விடுங்க சார். குடுத்த துணியைத்தான் அவர் தைப்பாரு. லைனிங் துணி வாங்கிக் குடுக்கறது பொம்பளைங்க நாங்கதான்.”

சென்னியப்பன் கிளிப்பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார், “திருப்பிப் பாக்கணும்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

“என் மாமியாருக்குப் பளிச்சுன்னு இருந்தாலே ஆகாது” என்றாள் டீச்சர். “கல்யாணமாகி வந்த புதுசுல நானும் இப்படித்தான் தச்சுக்குவேன். உள்ள யாரு வந்து பாக்கப் போறா?”

“ஊரே அவகிட்டச் சொல்லுமுங்க. ‘வசந்தாமணி, உன் வீட்டுக்காரர் மாதிரி யாரு இப்படிப் பாத்துப் பாத்து எடுத்துக் குடுக்கறாங்க, நீ குடுத்து வெச்சவ’ன்னு. அவ சிரிச்சுக்குவா.”

“எப்படிச் சிரிப்பாங்க?”

சென்னியப்பன் யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார்.

“தெரியலீங்க. நான் சேலையைப் பாத்துட்டு இருந்திருப்பேன்.”

டீச்சர் ரவிக்கைகளை மறுபடியும் உள்ளே திருப்பி, அதே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போன கையோடு பீரோவைத் திறந்தார். ஒரு ரவிக்கையை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். மஞ்சள், ஊதா, மயில்நீலம், ரத்தச் சிவப்பு. கட்டில் கொள்ளவில்லை. நாற்காலியில் போட்டார், ஜன்னல் கம்பியில் மாட்டினார். பார்த்துப் பார்த்து வெளிற வைத்த அறை நோம்பிக் கடை மாதிரி ஆகிவிட்டது. நடுவில் உட்கார்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“அடியே வசந்தாமணி, இத்தனையும் உள்ளுக்குள்ளயேவாடி போட்டுட்டு இருந்தே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க” என்றாள் வசந்தாமணி.

மடியில் கிடந்த மயில்நீலத்தை நீவிவிட்டார்.

“சாப்ட்டியா?” என்று கேட்டார்.

“சாப்டேனுங்க. நீங்க?”

“ஆச்சு. ஊட்ல கொஞ்சம் வேலை இருக்குது. ஹாலை மாத்தலாம்னு இருக்கேன்.”

“சரிங்க” என்றாள். குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. போனை வைத்துவிட்டாள்.

நன்றாக அழுதார் அல்லவா, அதோடு விட்டிருக்கலாம். கண்ணைத் துடைத்ததும் பழைய புத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது. ரவிக்கைகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.



அடுத்த ஞாயிறு வரை பொறுக்கவில்லை. வாரத்தின் நடுவிலேயே மாடிப்படி ஏறி வந்தார். நக இடுக்கிலெல்லாம் பெயின்ட்.

“கண்டுபுடிச்சுட்டேன் டீச்சர்!”

“என்ன கண்டுபுடிச்சீங்க?”

“ராணிப் பிங்க்தானுங்க அதிகம். பிரிச்சு வெச்சுப் பாத்துட்டேன். ஹால்ல பெரிய சுவருக்கு அதையே அடிச்சாச்சு. பெயின்டர் பையன், ‘சார், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், நல்லா யோசிச்சுக்கோங்க’ன்னான். போடா, உனக்கென்ன தெரியும்னு நானே கிட்ட நின்னு அடிக்க வெச்சேன். திரைக்குச் சொல்லியாச்சு. ஒரு சேலையும் எடுத்துட்டேனுங்க. சுவர்ல சாஞ்சு நின்னா அப்படியே ஒட்டிப் போகும். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்து ஆளைக் கூட்டிட்டு வந்தர்றேன்.”

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க சிரிக்கறீங்க?”

“சேலையை யாரு எடுத்தது?”

“நான்தா…”

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சுவருக்கு?”

சென்னியப்பன் கட்டை விரலில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டினார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அட போங்க டீச்சர்! வெளுப்பா எடுத்தாலும் தப்பு, பளிச்சுன்னு எடுத்தாலும் தப்பு. நான் வேற என்னதான் பண்ணட்டும்? இந்த வயசுல ஒத்தையா உக்காந்து ரசம் வெச்சுக் குடிக்கறேன். அந்தக் கண்றாவியை வாயில வெக்க முடியல. டிவியைப் போட்டுட்டு அவ உக்கார்ற எடத்தையே பாத்துட்டு இருக்கேன். அவ இல்லாம எனக்கு அந்த ஊட்ல இருக்க முடியலீங்க. கலரும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல. எனக்கு அவ வேணுமுங்க.”

டீச்சரின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

“இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க. ஹால் வேலை நடக்குதுன்னு சொன்னேன்.”

“நாளைக்குக் கோபிக்குப் போங்க.”

“போறேனுங்க. அந்தச் சேலையை…”

“வேண்டாம்.”

“பூவாச்சும் வாங்கிட்டு?”

“வேண்டாம்.”

“நாலு பழம்ங்க. வெறுங்கையோட ஒரு ஊட்டு வாசப்படி மிதிக்கறது மரியாதையா?”

“பழத்தையும் நீங்கதானே பொறுக்குவீங்க?”

சென்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். பாதி இறங்கியவர் நின்று, தலையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்.

“டீச்சர், போறப்ப என்ன கலர் சட்டைங்க போட்டுக்கறது?”

டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டாள்.



பஸ்ஸிலிருந்து இறங்கி வாய்க்கால் ஓரமாக நடந்தார். கையில் ஒன்றுமில்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டார், பிறகு தொங்கவிட்டார்.

ருக்மணி வீட்டுக் கேட் நீலம். சுவர் மஞ்சள். ஒரு தூணில் பச்சை, அடுத்த தூணில் அந்தப் பச்சை தீர்ந்துபோய் வேறு பச்சை. வேறு நாளாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். இன்று அதைக் கவனிக்க நேரமில்லை. அவர் கண் சந்தன நிறச் சேலையைத் தேடியது.

திண்ணையில் இல்லை. கிணற்றடியில் இல்லை. துணி காயப்போட்ட கொடியிலும் அப்படி ஒரு சேலை இல்லை.

அவருக்குப் பகீரென்றது. இங்கிருந்தும் எங்காவது போய்விட்டாளா?

முருங்கை மரத்தடியில் ஒரு பெண் அவருக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கிளிப்பச்சைச் சேலை, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். பின்னிய சடையில் கனகாம்பரம். தொரட்டியால் காய் பறித்துக்கொண்டிருந்தாள். கிளையிலிருந்த அணில் ஒன்று தொரட்டிமேல் ஓடி அவள் கைக்குப் பக்கத்தில் வந்து, மிரண்டு மறுபடியும் மேலே ஓடியது. அதைப் பார்த்துச் சிரித்தாள். வாய்விட்ட, பலமான சிரிப்பு. சென்னியப்பன் அப்படி ஒரு சிரிப்பை எந்த வீட்டிலும் கேட்டதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கேட்டுக்குப் பக்கத்திலேயே மரியாதையாக நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்கம்மா, வசந்தாமணி இருக்குதுங்களா?”

சிரிப்பு நின்றது. தொரட்டி கிளையிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. அவள் திரும்பவில்லை.

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று கேட்டை ஒட்டி இரண்டடி முன்னால் வந்தார்.

“என் சம்சாரமுங்க. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். இல்ல… சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேனுங்க. அவ இல்லாம என்னால இருக்க முடியல. போன்ல சொல்ல வாய் வரல. நீங்களாச்சும் உள்ள போய்ச் சொல்றீங்களா?”

அவள் முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

இத்தனை வருஷமும் தினம் தினம் எதிரில் உட்கார்ந்து சோறு போட்ட முகம்.

சென்னியப்பன் கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கண் அவள் சேலைக்குப் போகவில்லை. அவள் முகத்தை விட்டு அகலவே இல்லை.

வசந்தாமணியும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்த வசந்தாமணி இங்க வரவே இல்லீங்க” என்றாள். “நான்தான் இருக்கறேன். உள்ள வர்றீங்களா?”